கூழாங்கல் உலையும் குடிமக்கள் பணமும்

(படிப்பக ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



சென்ற திங்கள் இதே கூடத்தில் நான் பேசி முடித்தபோது, கடைசி வரிசையிலிருந்து ஓர் இளந்தோழர் எழுந்தார். "அண்ணே, சின்ன அணு உலை வரப்போகிறதாமே! வாயுவால் குளிர்விப்பதாமே! வெடிக்காதாம், உருகாதாம், தண்ணீர்கூட வேண்டாமாம், மாவட்டத்துக்கு ஒன்று வைத்துவிடலாமாம். மெய்தானா?" என்று கேட்டார். அவர் அமர்வதற்குள் பக்கத்திலிருந்த பெரியவர், "தம்பி, அணு என்று பெயர் வைத்தாலே அழிவுதான். பாம்பு சின்னதானால் நஞ்சு குறைந்துவிடுமா?" என்றார். கூடமே கைதட்டிற்று. இருவருக்கும் விடை கூற அன்று பொழுதில்லை. கைதட்டல் விடையாகிவிடாது என்பதால் இன்று அதையே பேச வந்திருக்கிறேன்.

நான் பொறியாளனல்லன். ஆயினும், மக்கள் பணத்தைச் செலவிடும் காரியம் எதுவாயினும் அதனை மக்கள் புரிந்துகொள்ள முடியாது என்று எவரேனும் கூறினால் அதை ஏற்றுக்கொள்ளும் வழக்கம் எனக்கில்லை. புரியும்படி சொன்னால் புரியும். சற்றுப் பொறுமையோடு கேளுங்கள்.

வாயுவால் குளிர்விக்கும் உலை நேற்றுப் பிறந்ததன்று. 1956ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள், இங்கிலாந்தின் வடமேற்குக் கரையோரத்தில் கால்டர் ஹால் என்ற இடத்தில், எலிசபெத் அரசியார் ஓர் அணு மின் நிலையத்தைத் திறந்து வைத்தார். கரியமில வாயுவை உலைக்குள் செலுத்தி, அது சுமந்து வரும் சூட்டால் நீராவி எழுப்பி, மின்சாரம் எடுத்தனர். அணுவை அமைதிப் பணிக்கு அமர்த்திவிட்டோம் என்று ஆட்சியாளர் முழங்கினர். முழக்கத்தில் ஒரு பாதி விடுபட்டிருந்தது. அந்த உலைகளின் முதல் வேலை, அணுகுண்டுக்கான புளூட்டோனியத்தை ஆக்குவது. மின்சாரம் இரண்டாம் வேலை. அதற்கு மறு ஆண்டே, பக்கத்து வேலிக்குள் இருந்த வின்ட்ஸ்கேல் உலை தீப்பற்றியது. காற்றால் குளிர்வித்த உலை அது. காற்றில் உயிர்வளி உண்டல்லவா? தீ பிடித்தால் அணைப்பதற்குப் பதிலாக ஊதிவிடும். சுற்றிலும் ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் பண்ணைகளில் கறந்த பாலை வாரக்கணக்கில் கொட்டினர்.

ஆகவே, எந்த வாயு என்பது முதற்கேள்வி. காற்று ஆகாதென்று வின்ட்ஸ்கேல் காட்டிவிட்டது. கரியமில வாயு ஓரளவு வெப்பம் வரைதான் ஒத்துழைக்கும். சூடு மிகுந்தால் கரியோடும் எஃகோடும் வினை புரியத் தொடங்கிவிடும். விஞ்ஞானிகள் ஹீலியத்தை நாடினர். எதனோடும் சேராத வாயு அது. தீப்பற்றாது, துருவேற்றாது, கொதித்து ஆவியாக வேண்டிய நிலையும் அதற்கில்லை, கதிரியக்கத்தையும் எளிதில் ஏற்காது. 750 டிகிரிக்கும் மேலே சூடேறினாலும் வம்பு செய்யாமல் சூட்டைச் சுமந்து செல்லும். ஆனால் இண்டு இடுக்கு கண்ட இடமெல்லாம் கசிந்து ஓடும் குணமுடையது. விலையும் உண்டு.

அடுத்து எரிபொருள். ருடால்ஃப் ஷூல்டன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி வளர்த்த கருத்து அது. உலைக்குள் நீண்ட குழாய்களை அடுக்குவதற்குப் பதிலாக, பந்துகளைக் கொட்டி வையுங்கள் என்றார். ஒவ்வொரு பந்தும் 6 சென்டிமீட்டர் குறுக்களவு. சாத்துக்குடிப் பழம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே எழுதுகோல் கரியாலான ஓடு. உள்ளே, கேழ்வரகு மணி அளவில் ஆயிரக்கணக்கான மணிகள். ஒவ்வொரு மணியின் நடுவிலும் அரை மில்லிமீட்டர் யுரேனியப் பொட்டு. அதைச் சுற்றிக் கரியாலும் சிலிகன் கார்பைடாலும் அடுக்கடுக்கான உறைகள். அணு பிளந்தபின் உண்டாகும் நச்சுப் பொருள்களை இந்த உறைகளே, ஏறத்தாழ 1600 டிகிரி வரை, வெளிவிடாமல் அடக்கி வைக்கின்றன. பந்துகள் மேலிருந்து விழுந்து, மெல்ல மெல்லக் கீழே இறங்கி, அடியில் வெளியேறும். எரியாதது மிச்சமிருந்தால் மீண்டும் மேலே அனுப்புவர். கூழாங்கற் குவியலைப் போலிருப்பதால் கூழாங்கல் உலை என்றே பெயர் வந்தது.

இதில் பாதுகாப்பு எங்கிருந்து வருகிறது? தாய்மார்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடுப்பிலிருந்து விறகை இழுத்துவிட்டாலும் தணல் கனன்றுகொண்டே இருக்கும். அணு உலையும் அப்படித்தான். நிறுத்திய நொடியில்கூட, அது தந்துகொண்டிருந்த வெப்பத்தில் 100க்கு 6, 7 பங்கு எஞ்சி நிற்கும். நேரம் செல்லச் செல்லக் குறையும். ஆனால் நாட்கணக்கில் இருக்கும். 2011 மார்ச்சில் ஜப்பானின் புகுஷிமாவில் நடந்ததென்ன? நிலம் நடுங்கியவுடன் உலைகள் முறைப்படி நின்றுவிட்டன. பின்னர் வந்த ஆழிப்பேரலை மின்சாரத்தையும் நீரேற்று பொறிகளையும் வாரிக்கொண்டு போயிற்று. தணலை ஆற்றத் தண்ணீரில்லை. மூன்று உலைகளின் கரு உருகியது.

கூழாங்கல் உலைக்காரர் கூறுவது: எங்கள் தணலை ஆற்றப் பொறியும் வேண்டாம், ஆளும் வேண்டாம். அண்டா நிறைய வடித்த சோறு ஆறுவதற்கு அரைநாளாகும். அதையே தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் தானே ஆறிவிடும். உலையைச் சிறியதாக, ஒடுங்கியதாக, உயரமானதாகக் கட்டினால், எஞ்சிய சூடு கரிச் சுவர் வழியே கசிந்து, இரும்புக் கலத்தைக் கடந்து, தானாகவே வெளியேறிவிடும். சூடு கூடக் கூட அணுப்பிளவும் தானே குறைந்துவிடும். 1600 டிகிரி எல்லையை எட்டுவதற்கு முன் எல்லாம் அடங்கிவிடும். கருத்து அழகானது, பொய்யும் அன்று. பிறகு காட்டுகிறேன்.

ஆனால் இந்த அழகுக்கு ஒரு விலை உண்டு. கூடங்குளத்தில் ஓடும் ஓர் உலை 3000 மெகாவாட் வெப்பம் தருகிறது. சீனாவில் கட்டிய கூழாங்கல் உலை ஒன்று, 3 மீட்டர் அகலமும் 11 மீட்டர் உயரமும் உள்ள பந்துக் குவியலிலிருந்து 250 மெகாவாட் வெப்பம்தான் தருகிறது. ஒரு கனமீட்டருக்கு 3 மெகாவாட்டைச் சற்றே தாண்டும். நீரால் குளிர்விக்கும் உலையிலோ ஏறத்தாழ 100. தாம்பாளத்தில் பரப்பிய சோறு ஆறும், சரிதான். ஊர் விருந்துக்கு எத்தனை தாம்பாளம் வேண்டும் என்று பந்தி விசாரிப்பவர் கணக்குப் பார்க்க வேண்டாமா? 'சின்ன உலை' என்பது மின்சாரத்தில் சின்னது. இரும்பிலும் கரியிலும் கூலியிலும் அவ்வளவு சின்னதன்று. இதனை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே கேளுங்கள்.

ஜெர்மனியின் மேற்கெல்லையில் யூலிஷ் என்றொரு சிற்றூர். நகராட்சிகளின் மின் நிலையங்கள் 15 ஒன்றுகூடி, அங்கே முதற் கூழாங்கல் உலையை எழுப்பின. 46 மெகாவாட் வெப்பம், 15 மெகாவாட் மின்சாரம். 1967இல் மின்சாரம் தரத் தொடங்கி 1988 இறுதியில் நிறுத்தப்பட்டது, 21 ஆண்டுகள். 1974இல் வெளிவரும் ஹீலியத்தின் வெப்பத்தை 950 டிகிரிக்கு உயர்த்தினர். உலகமே வியந்தது. வாயு ஊதும் விசிறிகளை நிறுத்தி, கட்டுப்பாட்டுக் கோல்களையும் செலுத்தாமல் விட்டுப் பார்த்தனர். உலை தானே அடங்கிற்று. பிற்காலத்தில் எந்த நாட்டார் இவ்வுலையைப் பற்றிப் பேசினாலும் யூலிஷைத்தான் சான்று காட்டினர்.

சான்று முழுமையாக இருந்ததா? பந்துகள் நகர்ந்துகொண்டே இருக்கும் குவியலுக்குள் வெப்பமானியை நட்டு வைக்க இயலாது. உள்ளே எவ்வளவு சூடு என்பதைக் கணக்குப் போட்டுத்தான் சொல்லிவந்தனர். 1986இல், வெவ்வேறு சூட்டில் உருகக்கூடிய கம்பித் துண்டுகளைச் சில பந்துகளுக்குள் பொதிந்து உள்ளே போட்டுப் பார்த்தனர். வெளிவந்த பந்துகளில் சிலவற்றில், 1280 டிகிரி வரை தாங்க வேண்டிய கம்பியும் உருகியிருந்தது! கணக்குக்கும் உண்மைக்கும் இடையே நூற்றுக்கணக்கான டிகிரி இடைவெளி. மணிகளின் உறைகளைக் கடந்து கதிரியக்கத் தூசி வெளியேறி உலைக்குள் படிந்திருந்தது. 1978இல் நீராவிக் குழாயில் ஓட்டை விழுந்து 27 டன் தண்ணீர் உலைக்கலத்துக்குள் புகுந்ததும் நடந்தது.

ஊரார் எவரும் மாண்டார் என்று நான் கூறவில்லை, அப்படி நடக்கவுமில்லை. நடந்தது வேறு. அந்த அளவீட்டின் முழுப் பொருளையும் எடுத்துப் பேச ஏறத்தாழ 20 ஆண்டுகள் ஆயின. அதே ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ரைனர் மோர்மன் என்ற விஞ்ஞானி 2008இல் ஓர் ஆய்வுரை வெளியிட்டு, 'நாம் நினைத்ததைவிட உலை சூடாக ஓடியிருக்கிறது. நினைத்ததைவிட அழுக்காகியிருக்கிறது' என்ற பொருளில் எழுதினார். உடன் பணியாற்றியோர் பலருக்கு அது கசந்தது. 2011இல் ஜெர்மனியில் அவருக்கு, உண்மையை வெளிக்கொணர்ந்தமைக்கான பரிசு கிடைத்தது. 2014இல், அந்த நிலையமே அமைத்த தனிக் குழு பழைய குறைகளைப் பட்டியலிட்டது. உலைக்கலத்தை இன்றுவரை யாரும் பிரித்தெடுக்கவில்லை. 2008இல் உள்ளே இலேசான கான்கிரீட்டைக் கொட்டி நிரப்பி, பின்னர் 2000 டன்னுக்கும் மேற்பட்ட அந்தப் பாரத்தை அப்படியே பெயர்த்து, பக்கத்தில் அதற்கெனக் கட்டிய கூடத்தில் கிடத்தி வைத்திருக்கின்றனர். அதில் எரிந்த பந்துகள் ஏறத்தாழ 290000. அவை 152 பேழைகளில் அடைக்கப்பட்டன. அவற்றை யூலிஷில் வைத்திருக்கும் உரிமம் 2013இல் காலாவதியாயிற்று. எங்கே அனுப்புவது என்ற வழக்கோ அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் நீண்டது. 15 மெகாவாட் உலை, தோழர்களே! 21 ஆண்டுகள் ஓடிய உலை!

அதன் தம்பி, ஹாம் நகரில் கட்டிய 300 மெகாவாட் நிலையம். 1985இல் மின்சாரம் தந்தது, 1989இல் மூடினர். பந்துக் குவியலுக்குள் கட்டுப்பாட்டுக் கோல்களை நேரே குத்திச் செருகியதால், எதிர்பார்த்ததைவிட மிகுதியான பந்துகள் உடைந்தன. 1986 மே 4ஆம் நாள், செர்னோபில் நெருப்பு எரிந்துகொண்டிருந்த வாரத்தில், குழாயில் சிக்கிய பந்தை விடுவிக்கும்போது கதிரியக்கத் தூசி வெளியேறியது. அளவு சிறிது. ஆனால் உடனே வாய்திறந்து சொல்லாமல் போனதால் சிறிது பெரிதாயிற்று. மக்களின் நம்பிக்கை போயிற்று. நம்பிக்கை போனபின் பணம் நிற்குமா?

இந்த ஹாம் உலை தோரியத்தையும் எரித்தது. தோரியம் என்றதும் நம் குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி நினைவுக்கு வருகிறது. அந்தக் கடற்கரை மணலில் மோனசைட் இருப்பதை 1909இல் கண்டு சொன்னவர் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர். அன்று அவர்களுக்குத் தேவைப்பட்டது வாயு விளக்கின் வலைத்திரிக்கு. நம் மணல் விளக்குத் திரியாய் மாறி அவர்கள் தெருவில் ஒளி தந்த காலம் அது. இதை விரித்தால் வேறொரு நாள் வேண்டும், விட்டுவிடுகிறேன்.

இனி நான் உங்களை அழைத்துச் செல்ல விரும்பும் இடம் தென்னாப்பிரிக்கா. நமக்கு மிகுந்த பாடம் அங்கேதான் இருக்கிறது. செல்வ நாட்டின் கதை நமக்கு வியப்பைத் தரும். வறுமையும் திறமையும் ஒருங்கே உள்ள நாட்டின் கதையோ நம் வீட்டுக் கதையாகவே தோன்றும்.

நிறவெறி ஆட்சி வீழும் தறுவாயில், அந்நாட்டின் அரசு மின் நிறுவனமான எஸ்காம், 1993 முதல் கூழாங்கல் உலையை ஆராயத் தொடங்கியது. ஜெர்மானியர் கைவிட்ட கலையை உரிமம் பெற்று எடுத்துக்கொண்டது. 1999இல் அதற்கென்றே தனி நிறுவனம் பிறந்தது. கேப்டவுனுக்கு அருகே கோபர்க்கில் ஒரு மாதிரி உலை. அது வெற்றி கண்டதும் உள்நாட்டில் பல. பிறகு உலகெங்கும் ஏற்றுமதி. ஆப்பிரிக்கக் கண்டம் மேலை நாட்டாருக்கு அணு உலை விற்கும் நாள் வரும் என்றனர். ஒடுக்கப்பட்ட மக்கள் தலைநிமிர்ந்த வேளையில் அப்படியொரு கனவு தவறா? நான் தவறென்று சொல்லேன். அந்த மேடையில் நான் அன்று இருந்திருந்தால் நானும் கைதட்டியிருப்பேன்.

கனவு நாளொரு வண்ணம் வளர்ந்தது. அதுவே கேடாயிற்று. 110 மெகாவாட் மின்சாரம் என்று தொடங்கிய உலை 165 மெகாவாட் ஆயிற்று. மேலும், பழகிய நீராவி வழியை விட்டு, சுடு ஹீலியத்தையே நேராகச் சுழலியில் பாய்ச்சி மின்சாரம் எடுப்போம் என்றனர். புதிய உலை, அதனோடு புதிய சுழலி. இரண்டையும் ஒரே நிலையத்தில் முதன்முதல் செய்து பார்ப்பது! நீந்தக் கற்பவன், கற்கும் நாளிலேயே தோளில் ஒரு பிள்ளையையும் சுமந்துகொண்டு குதித்தாற்போல.

2005 சனவரியில் கேப்டவுன் உயர்நீதிமன்றம் ஒரு தீர்ப்பு வழங்கியது. எர்த்லைஃப் ஆப்பிரிக்கா என்ற சுற்றுச்சூழல் அமைப்பு தொடுத்த வழக்கு. உலைக்குச் சுற்றுச்சூழல் ஒப்புதல் தந்த அதிகாரி, முடிவெடுக்குமுன் அவ்வமைப்பின் கருத்தை உரிய முறையில் கேட்கவில்லை என்று அந்த ஒப்புதலை நீதிமன்றம் நீக்கிவிட்டது. உலை நல்லதா தீயதா என்று நீதிமன்றம் கூறவில்லை. 'கேட்டாயா?' என்றுதான் கேட்டது. கேட்டிருந்தால் சில மாதங்கள் ஆகியிருக்கும். கேளாமையால் ஆண்டுகள் போயின.

இதற்கிடையே நாட்டின் நிலை என்ன? எஸ்காம் புதிய மின் நிலையங்களை உரிய காலத்தில் கட்டியிருக்கவில்லை. 2008 சனவரியில் மின்சாரமின்றிப் பெரும் சுரங்கங்கள் சில நாட்கள் வேலையை நிறுத்தின. நகரங்களில் முறைவைத்து இருள். குடிசைப் பகுதியில் மெழுகுவத்தி; வரைபடத்தில் உலகின் நாளைய உலை. வாங்குவதாகச் சொன்னவர் வரவில்லை. பங்கு சேர்ந்த எக்சிலான் என்ற அமெரிக்க நிறுவனம் 2002லேயே விலகிவிட்டது. 2010 செப்டம்பரில் பொதுத்துறை அமைச்சர் பார்பரா ஹோகன் அம்மையார் நாடாளுமன்றத்தில் எழுந்து திட்டத்தை நிறுத்துவதாக அறிவித்தார். அதுவரை செலவு 924 கோடி ராண்டு. இன்னும் வேண்டியது ஏறத்தாழ 3000 கோடி ராண்டு. அந்த 924 கோடியில் அரசு நேராகப் போட்டது 100க்கு 80க்குச் சற்று மேல். எஸ்காம், அரசின் தொழில் வளர்ச்சிக் கழகம் ஆகியவற்றின் பங்கையும் கூட்டினால் 100க்கு 94. வெளிநாட்டு முதலாளிகள் போட்டது எஞ்சிய 6. இலாபம் வந்திருந்தால் பங்கு எப்படிப் பிரிந்திருக்கும் என்பதை நான் அறியேன். இழப்பு எப்படிப் பிரிந்தது என்பது கணக்கில் இருக்கிறது.

பணம் போனதுகூடப் பெரிதன்று என்பேன். ஏறத்தாழ 800 பேர் அந்நிறுவனத்தில் கற்றுத் தேர்ந்திருந்தனர். மணிக்கு உறை பூசும் கலையைக் கைவரப் பெற்றவர்கள், கரியின் குணமறிந்தவர்கள். அவர்கள் சிதறினர். சிலர் அமெரிக்கா சென்று எக்ஸ்-எனர்ஜி என்ற நிறுவனத்தில் கூழாங்கல் உலையே வரைந்தனர். அந்நிறுவனத்தின் 80 மெகாவாட் உலைகள் நான்கினை டெக்சாசு மாநிலத்தில் ஒரு பெரிய வேதித் தொழிற்சாலைக்கு நீராவியும் மின்சாரமும் தர நிறுவப்போவதாக 2025இல் அரசிடம் கட்டுமான அனுமதி கோரினர். தென்னாப்பிரிக்க ஏழையின் வரிப்பணத்தில் கற்ற கல்வி டெக்சாசில் பயன்தரப் போகிறது. 2025இல் தென்னாப்பிரிக்க ஆட்சியாளர், மூடி வைத்த திட்டத்தை மீண்டும் திறக்கும் எண்ணத்தை வெளியிட்டனர். திறக்கட்டும். போன 15 ஆண்டையும் போன ஆட்களையும் எந்தச் சாவி கொண்டு திறப்பார்கள்?

"அப்படியானால் இது எங்குமே ஈடேறாத கனவா?" என்று கேட்பீர்கள். இல்லை. இங்கேதான் நம் பெரியவரோடு நான் மாறுபடுகிறேன்.

பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தார் அவசரப்படவில்லை. முதலில் 10 மெகாவாட் வெப்பம் தரும் ஒரு சிற்றுலை. 2000 டிசம்பரில் அதில் அணுப்பிளவு தொடங்கியது. அதிலே பத்தாண்டு பழகினர். 2012 டிசம்பரில் ஷாண்டோங் மாநிலக் கடற்கரையில், ஷிடாவோவான் என்ற இடத்தில், பெரிய நிலையத்துக்கு அடித்தளமிட்டனர். இரண்டு உலைகள், ஒவ்வொன்றிலும் 4 லட்சத்துக்கு மேற்பட்ட பந்துகள். இரண்டும் சேர்ந்து ஒரு நீராவிச் சுழலியைச் சுழற்றி 210 மெகாவாட். தென்னாப்பிரிக்கர் நாடிய ஹீலியச் சுழலியை இவர்கள் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். கட்டுப்பாட்டுக் கோல்களையும் பந்துக்குள் குத்தாமல் சுற்றுச் சுவரில் இறக்கினர். ஹாம் கற்பித்த பாடம். 2021 டிசம்பர் 20ஆம் நாள் மின்சாரம் பாய்ந்தது. 2023 டிசம்பரில் வணிக முறையில் ஓடத் தொடங்கியது.

அதற்கு முன், 2023 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் ஒரு சோதனை. ஒவ்வோர் உலையும் 200 மெகாவாட் வெப்பத்தில் ஓடிக்கொண்டிருக்கையில், மின்சாரத்தைத் துண்டித்தனர். விசிறி நின்றது. அவசரக் குளிரூட்டல் எதையும் இயக்கவில்லை. புகுஷிமாவில் இயற்கை செய்ததை இங்கே மனிதரே செய்து பார்த்தனர். என்ன ஆயிற்று? அணுப்பிளவு அடங்கிற்று, தணல் தானே ஆறிற்று. முடிவுகள் 2024இல் விஞ்ஞான ஏட்டில் வெளிவந்தன. ஜப்பானியரும் ஓராய் என்ற ஊரிலுள்ள 30 மெகாவாட் ஹீலியச் சோதனை உலையில் 2024 மார்ச்சில் இத்தகைய சோதனையை முழு வெப்பத்தில் நடத்தினர். அவர்கள் உலை பந்துலையன்று, கரிக் கட்டைகளை அடுக்கியது. ஆயினும் அடிப்படை ஒன்றே. தாம்பாளச் சோறு ஆறும் என்பது இனி வெறும் வாய்ச்சொல்லன்று. பெரியவர் அவர்களே, பாம்பு உவமை நன்று. ஆனால் இந்தப் பாம்பின் பல்லைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.

சீனரைப் புகழ்ந்ததோடு நான் அமரமாட்டேன். கட்டத் தொடங்கியதற்கும் வணிக ஓட்டத்துக்கும் இடையே 11 ஆண்டுகள். அவர்கள் முதலில் சொன்ன காலத்தைவிட மிகவும் நீண்டது. அதே இடத்தில் மேலும் 18 உலைகள் என்று ஒருகாலத்தில் பேசினர், அப்பேச்சு நின்றுவிட்டது. மின்சாரத்துக்கு மட்டும் இவ்வுலை கட்டுபடியாகாது என்பதை அவர்களே உணர்ந்தாற்போல் தெரிகிறது. 2024 ஆகஸ்டில் ஜியாங்சு மாநிலத்தின் சூவேயில் அவர்கள் ஒப்புதல் தந்த திட்டம் எதற்காக? பெட்ரோலிய வேதித் தொழிற்சாலைகளுக்கு நீராவி தருவதற்காக. இரண்டு பெரிய நீருலைகளோடு ஒரு வாயு உலை நிலையம்; நீருலை எழுப்பும் மென்சூட்டு நீராவியை வாயு உலை கடுஞ்சூடாக்கும்.

வாயு உலையின் உண்மையான வருங்காலம் அங்கேதான் என்பது என் எண்ணம். உரத்தொழிலுக்கும் எண்ணெய் ஆலைக்கும் வேண்டியது கடுஞ்சூடு. இன்று நிலக்கரியையும் எரிவாயுவையும் எரித்துத்தான் அதைப் பெறுகிறோம். நீருலை 300 டிகிரிக்கு அருகில் நின்றுவிடும். வாயு உலை 500 டிகிரிக்கு மேலே நீராவி தரும். காற்றாலையும் கதிரவன் ஒளியும் மின்சாரத்தை மலிவாகத் தரும் காலத்தில், விளக்கெரிக்க இதை நாடுவதில் பொருளில்லை.

நம் நாட்டுக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி வரவு செலவுத் திட்டத்தில் ஒன்றிய அரசு சிற்றுலைகளுக்கென 20000 கோடி ரூபாய் அறிவித்தது. 2033க்குள் குறைந்தது ஐந்து உலைகள் ஓடும் என்றது. பாபா அணு ஆராய்ச்சி மையம் வரைந்துகொண்டிருப்பவற்றுள் 200 மெகாவாட்டும் 55 மெகாவாட்டும் நீரால் குளிர்விப்பவை. வாயுவால் குளிர்விப்பது ஒன்று உண்டு; 5 மெகாவாட் வெப்பம் மட்டுமே தரும் சோதனை உலை, நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் ஆய்வுக்காக. ஆகவே, மாவட்டத்துக்கு ஒன்று என்று நம் இளந்தோழர் கேள்விப்பட்டது வாயு உலையைப் பற்றியதானால், அது அரசின் திட்டத்திலேயே இல்லை. தண்ணீர் வேண்டாம் என்பதும் பாதி மெய். உலைக்கருவைக் குளிர்விக்கத் தண்ணீர் வேண்டாம். சுழலியை விட்டு வரும் நீராவியைக் குளிர்விக்க வேண்டும். ஷிடாவோவான் கடற்கரையில் இருப்பது காற்று வாங்குவதற்காக அன்று.

5 மெகாவாட்டில் தொடங்குவதை நான் குறை கூறேன். சீனர் பத்தில் தொடங்கினர். தென்னாப்பிரிக்கர் தொடங்கியதோ நூறுகளில். நாடாளுமன்றத்தில் நம்மவர் கேட்க வேண்டியவை வேறு. உலைக்குள் உண்மையான சூடு எவ்வளவு என்று அளந்து, அளந்ததை வெளியிடுவார்களா? எரிந்த பந்து எங்கே போகும் என்பது கட்டுமுன் எழுத்தில் இருக்குமா? இவ்வுலைகள் பெரும்பாலும் கேட்பது வழக்கத்தைவிடச் செறிவூட்டிய யுரேனியம். அதை வணிக அளவில் விற்கும் நாடுகள் மிகச் சில. நாம் எவர் வாசலில் நிற்கப் போகிறோம்? தனியார் பங்கு சேர்ந்தால், இழப்பு வரும் நாளில் பங்கு 94க்கு 6 ஆகுமா? உலையருகே வாழும் மீனவரையும் உழவரையும் முடிவுக்கு முன் கேட்பார்களா, பின் கேட்பார்களா?

தலைவர் மணியைப் பார்க்கிறார். பெரியவர் இன்னும் ஒத்துக்கொள்ளாத முகத்தோடுதான் அமர்ந்திருக்கிறார். அது அவர் உரிமை. கடைசி வரிசையில் அந்த இளந்தோழர் கை உயர்த்துவதையும் காண்கிறேன். கேளுங்கள், தம்பி.